மோட்டார் கண்ணாடியும் மாணிக்கம் அண்ணனும்

மாடு நடுரோட்டில் நின்றது. எனக்குத் தெரியவில்லை.

பத்தாங் காலியில் ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போயிருந்தேன். காலை முகூர்த்தம், பகல் விருந்து, இரண்டாம் சேலை மாற்றம் எல்லாம் முடிந்து, சாமான்களை என் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பும்போதே பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். சாலை மேற்கே போகிறது. சூரியன் என் முகத்துக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று முன்னால் எல்லாம் வெள்ளை. சாலை இல்லை, மரம் இல்லை, பாலை ஊற்றிவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும். அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து இரண்டு கொம்பு வெளியே வந்தது.

பிரேக்கை எப்படிப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள். வண்டி கோணலாக இழுத்துக்கொண்டு போய் ஓரத்துப் புல்லில் நின்றது. பின்பெட்டி திறந்துகொண்டு சவுரி முடி, கொண்டை ஊசி, மிச்சமிருந்த மல்லிகைச் சரம் எல்லாம் தாரில் சிதறின. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மாடு அசையவில்லை. குனிந்து, கீழே கிடந்த மல்லிகையை நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

"தின்னு, நல்லாத் தின்னு! உனக்கும் இன்னைக்குத்தானே கல்யாணம்!" என்று கத்தினேன். கத்திவிட்டு அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏன் அழுதேன்

போன வாரம் இதே பகுதியில், மணமேடையில் சடை கழன்று விழுந்த பெண்ணின் கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு பெண் கோயிலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இந்த வயசுலயும் மோட்டார்லதான் போறீங்களா?" என்றாள். இந்த வயசு என்றால் எந்த வயசு என்று திருப்பிக் கேட்க நாக்கு துடித்தது. சாமி சந்நிதி என்பதால் விட்டுவிட்டேன். அவளுக்கான பதில்தான் இந்த வாரம்.

நான் அழுததற்குக் காரணம் மாடு இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே சாயங்காலங்களில் எனக்குச் சாலை மங்கலாகத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

என் அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. கடைசிக் காலத்தில் கண் போய்விட்டது. அவரும் முதலில் சொன்னது, "பொழுது சாஞ்சா சரியாத் தெரியல லெட்சு" என்றுதான். எனக்கும் இனிப்பு நீர் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன். கண் டாக்டரிடம் போனால் உண்மையைச் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் அவர் கிளினிக் இருக்கும் கடைத்தெருப் பக்கமே போகாமல் இருந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தால் ஒரே தடவையில் போகும். அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? பயம் பிடித்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது!

அண்ணன் ஆள் பிடித்தார்

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் லோரியில் வந்தவர் எங்கள் தாமான் குடியிருப்பைச் சேர்ந்தவராம். எங்கள் வீடு புக்கிட் பெலிம்பிங் பக்கம். நான், என் அண்ணன் மாணிக்கம், அண்ணி சகுந்தலா மூவரும்தான் இருக்கிறோம். அண்ணன் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது தொழிற்சாலைக்குத்தான் தெரியும். வீட்டில் இன்னும் சூப்பர்வைசர்தான்.

வாசலிலேயே கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

"எதுக்கு?"

"போதும்லா லெட்சு. அம்மா மாதிரியே உனக்கும் ஆயிடுச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் ஆவல. வெயில் கண்ணக் கூசுச்சு."

"நானும் இதே மோட்டார, இதே சாயங்காலத்துல ஓட்டிப் பாத்தேனா இல்லியா? எனக்கு நல்லாத்தானே தெரியுது! அப்ப கோளாறு வண்டியிலயா, உன் கண்ணுலயா?"

அவர் ஓட்டிப் பார்த்தது உண்மை.

"என்கூட வேலை செஞ்ச பையன் ஒருத்தன் இந்த மாதிரி மோட்டார்தான் தேடுறான். சனிக்கிழமை வந்து பாக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

"என் மோட்டார விக்க நீ யாரு?"

"உன் அண்ணன்."

அண்ணி இடையில் வந்தார். "இனிமே காடியில கொண்டாந்து விடுறோம் லெட்சு. நீ சும்மா உக்காந்து வா."

சாவியை நான் கொடுக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

காடியில் கொண்டுவிடுவார்களாம்! என் அண்ணன் காரைத் துடைத்து, சாமி கும்பிட்டு, தண்ணீர் குடித்து, நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்துக் கிளம்புவதற்குள் அங்கே தாலியே ஏறிவிடும். பெண் அலங்காரம் என்பது விடியலுக்கு முன் வேலை. ஈஜோக்கில் ஒரு பெண், அங்கிருந்து நேரே புக்கிட் ரோத்தானில் ஒரு பெண் என்று ஒரே காலையில் இரண்டு பெண்களை மணவறை ஏற்றியவள் நான். செம்மண் பாதை, தோட்டத்துக் குறுக்கு வழி எல்லாம் என் மோட்டாருக்குத் தெரியும். பிள்ளைகள் அதற்கு மணவறை மோட்டார் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டதும், "அலங்கார ஆன்ட்டி வந்துட்டாங்க!" என்று கல்யாண வீடே எழுந்திருக்கும்.

ஊருக்கெல்லாம் கல்யாணம் செய்து வைக்கும் நீங்கள் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நேரமில்லை என்று சொல்லிவிடுவேன். உண்மையும் அதுதான். எனக்குப் பிடித்த வேலையும், நினைத்த நேரத்தில் போக ஒரு வண்டியும் இருந்தன. குறை என்று எதுவும் தோன்றவில்லை. அந்த வண்டி போனால் நான் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் தங்கச்சி. வேறு ஒன்றுமில்லை.

தோப்புக்கரணம்

அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், வாசலில் நின்ற மோட்டாரில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். ஓட்டுவதற்காக இல்லை. ஒரு வகையில் விடைபெறத்தான்.

அது ஸ்கூட்டர் மாதிரி தாழ்ந்த இருக்கை உள்ள பெரிய மோட்டார். முன்னால் உயரமாக, காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி. பேர்தான் கண்ணாடி, முழுக்கப் பிளாஸ்டிக். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் எல்லாம் அதே வெள்ளை. எதிர்வீட்டு கேட்கூடத் தெரியவில்லை.

அப்போது அண்ணி உள்ளேயிருந்து, "லெட்சு, பசியாற வா!" என்று கூப்பிட்டார். பதில் சொல்வதற்காக எழுந்து நின்றேன்.

எதிர்வீட்டு கேட் தெரிந்தது. அதில் தொங்கிய பூட்டு தெரிந்தது. அதற்கும் அப்பால் கொடியில் காய்ந்த சட்டையின் பொத்தான் தெரிந்தது.

உட்கார்ந்தேன். வெள்ளை. நின்றேன். பொத்தான். மறுபடி உட்கார்ந்தேன். வெள்ளை. மறுபடி நின்றேன்.

அண்ணி வாசலுக்கே வந்துவிட்டார். "என்னா லெட்சு, மோட்டார் மேல ஏறித் தோப்புக்கரணம் போடுற?"

"அண்ணி! என் கண்ணு நல்லா இருக்கு அண்ணி!" என்று குதித்தேன். பாவம், அவர் பயந்துபோய் அண்ணனைக் கூப்பிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். நான் ஐந்தடிக்கும் குறைவு. அண்ணன் மாதிரி உயரமானவர்கள் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு மேலாகச் சாலையைப் பார்ப்பார்கள். நான் உட்கார்ந்தால் கண்ணாடி வழியாகத்தான் உலகமே. (பிறகு கண் டாக்டரிடமும் போனேன். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நல்ல கண்ணுதாம்மா என்றார். இனிப்பு நீர் உள்ளவர்கள் என்னை மாதிரி பயந்து ஒளியாதீர்கள். போய்க் காட்டுங்கள்.)

இறங்கி முன்பக்கம் வந்து, வெயில் படும்படி குனிந்து பார்த்தேன். கண்ணாடி முழுக்கக் கீறல் இல்லை. நடுவில் மட்டும், என் முகம் வரும் உயரத்தில், விரல் அகலத்தில் மூன்று பட்டை. ஒவ்வொரு பட்டைக்குள்ளும் முடியைவிட மெல்லிய கீறல்கள், எண்ணி மாளாது.

மூன்று பட்டையைப் பார்த்ததும் எனக்கு யார் வேலை என்று புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலை

நான் இந்த மோட்டாரை வாங்கிய நாள் முதல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அண்ணன் குளித்துவிட்டு வந்து அதற்குத் திருநீறு பூசுவார். தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் கண்ணாடியில் கெட்டியாகப் பட்டை இழுப்பார். நடுவில் சந்தனம், குங்குமம். மறுநாள் நான் ஓட்டப் போகும்போது மறைக்கக் கூடாதே என்று, காய்ந்ததை அவரே பழைய துணியால் அழுத்தித் துடைத்தும் விடுவார். தண்ணீர் தொட மாட்டார். வாரமெல்லாம் சாலையில் படிந்த மண், காய்ந்த சாம்பல், வறட்டுத் துணி. அத்தனை வருஷமும் பிளாஸ்டிக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்காத வண்டி நம்மிடம் உண்டா? உலோகத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது. இவர் கண்ணாடியில், அதுவும் சரியாக என் முகத்துக்கு நேரே வைத்திருக்கிறார்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

"என் கண்ண மறைச்சதே நீதான்! நீ போட்ட பட்டைதான்!"

"திருநீறு கீறுமா? சாமிய வம்புக்கு இழுக்காத லெட்சு."

"சாமிய இழுக்கல, உன்னத்தான் இழுக்குறேன்! ஏன் அங்கயே போட்ட? வேற எடமே கெடைக்கலியா?"

அண்ணன் மெதுவாகச் சொன்னார். "அங்கதானே உன் தல வருது. உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான் அங்க பாத்துப் போட்டேன்."

இத்தனை வருஷமாக நான் தோட்டத்துச் சாலையில் தனியாகப் போகும்போதெல்லாம் இந்த மனுஷன் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பட்டையாகப் போட்டிருக்கிறார்.

அதற்காகச் சண்டையில் விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவரும் விடவில்லை. "கண்ணாடின்னு நீ சொல்ற. கண்ணுன்னு நான் சொல்றேன். சனிக்கிழமை ஆள் வருது" என்று உள்ளே போய்விட்டார்.

எண்ணெய் வைத்தியம்

அண்ணி பற்பசை போட்டுத் தேய்க்கச் சொன்னார். வண்டி முழுக்கப் புதினா வாசம் வந்தது, கீறல் அப்படியே இருந்தது. அடுத்து தேங்காய் எண்ணெய். தடவியதும் கீறல் மாயமாக மறைந்தது! ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். தஞ்சோங் காராங் வயல்காட்டுப் பூச்சியில் பாதி என் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

புதிது போட வேண்டியதுதானே என்பீர்கள். இந்த மாடலுக்கு இப்போது கண்ணாடி வருவதில்லை. கழற்றிவிட்டு ஓட்டலாமே என்பீர்கள். செம்பனை லோரி எதிரே வந்து ஒருமுறை காற்றடித்தால், என் எடைக்கு நான் வாய்க்காலுக்குள்தான் போய் இறங்குவேன்.

அப்போதுதான் சுலைகா நினைவுக்கு வந்தாள்.

சுலைகாவின் மேசை

சுலைகா என் பள்ளித் தோழி. சுங்கை சோவில் அவள் கணவர் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். கடைக்குப் பக்கத்திலேயே இவள் ஒரு கூடாரம் போட்டு, மங்கிப்போன கார் விளக்குகளைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கித் தருகிறாள். சனிக்கிழமை வெயில் உச்சிக்கு ஏறும்வரை காத்திருந்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு அவளிடம் போனேன்.

"கார் விளக்கு கையகலம். இது என்னடி, மாப்பிள்ளை நாற்காலி அகலத்துக்கு இருக்கு!" என்றாள். ஆனாலும் நான்கு திருகாணியைக் கழற்றி, மேசையில் துண்டை விரித்து, கண்ணாடியைப் படுக்க வைத்துவிட்டாள்.

முதலில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, துணி தொடாமல் வெறும் உள்ளங்கையால் கழுவச் சொன்னாள். பிறகு, "நகத்த வச்சு இழுத்துப் பாரு. மாட்டுதா?"

"லேசா மாட்டுது."

"அப்ப பாலிஷ் மட்டும் பத்தாது. உப்புத்தாள்தான்."

"மறுபடியும் தேய்க்கவா? தேய்ச்சுத்தானேடி இந்தக் கதி ஆச்சு!"

"அது வறட்டுத் தேய்ப்பு. இது தண்ணிக்குள்ள தேய்க்கிறது. என்னைய நம்பு."

தண்ணீரில் ஊறிய நைசான தாளை என் கையில் கொடுத்தாள். நான் பட்டை இருந்த இடத்தில் ஆரம்பித்ததும் கையில் ஒரு தட்டு தட்டினாள்.

"அங்க மட்டும் தேச்சா குழி விழுந்துரும். ரோடு நெளிஞ்சு நெளிஞ்சு தெரியும். முழுசாத் தேய்."

அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீரை ஊற்றிக்கொண்டே முதல் தாளைக் குறுக்காகப் போட்டோம். அதைவிட நைசானதை நெடுக்காகப் போட்டோம். முந்தைய தாளின் கோடு போனால்தான் அடுத்த தாள். சேலை மடிப்புக்குக்கூட நான் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்ததில்லை.

தண்ணீரைத் துடைத்துப் பார்த்தேன். மூன்று பட்டை போய்விட்டது. அதோடு கண்ணாடியும் போய்விட்டது. மொத்தமும் குளியலறை ஜன்னல் மாதிரி வெளுத்திருந்தது.

சரியாக அந்த நேரம் அண்ணன் போன் செய்தார். "எங்க இருக்க? பையன் ஆறரைக்கு வர்றான். வண்டியத் துடைச்சு வை."

"துடைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

சுலைகா சிரித்தாள். "இப்படித்தான்டி ஆவும். எல்லாரும் இந்த எடத்துலதான் அழுவாங்க." ஒரு மிருதுவான துணியில் பாலிஷைத் தொட்டுக் கொடுத்தாள். "சின்னச் சின்ன வட்டமாப் போடு. அழுத்தாத, ஒரே எடத்துல நிக்காத. சூடு ஏறினா பிளாஸ்டிக் கெட்டுப்போயிரும்."

வட்டம் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் போட்டேன். ஒரு மூலையில் தண்ணீர்த் துளி அளவுக்குத் தெளிவு வந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு விரித்தேன். உள்ளங்கை அளவாயிற்று, தட்டு அளவாயிற்று. மணிக்கட்டு கழன்று விடும்போல வலித்தது. கடைசியில் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். அந்தப் பக்கம் கடைக்குள் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தவரின் மீசையில் ஒட்டியிருந்த மாவு தெரிந்தது.

"சுலைகா! அவர் மீசையில மாவு!"

"என் புருஷன் மீசைய ஏன்டி பாக்குற!" என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் சாப்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆயிரம் பெண்களை மணவறைக்கு அலங்கரித்து அனுப்பியிருப்பேன். எத்தனையோ பேர் கைபிடித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் பலகையைத் தூக்கிப் பிடித்தபோது வந்த பெருமை எனக்கு எந்த மணவறையிலும் வந்ததில்லை. என் கண்ணை நானே தேய்த்து எடுத்த மாதிரி இருந்தது.

(உங்களிடமும் இப்படி ஒரு வண்டி இருந்தால் பெட்ரோல், தின்னர் எதுவும் தொடாதீர்கள், பிளாஸ்டிக் வெடித்துப்போகும். வறட்டுத் துணியும் வேண்டாம். சில கண்ணாடிகளுக்கு மேலே பூச்சு இருக்கும், அதற்கு உப்புத்தாள் ஆகாது. விஷயம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத் தொடுங்கள்.)

ஏறு பின்னாடி

திரும்பி வரும்போது சூரியன் மறுபடி முகத்துக்கு நேரே. கண்ணைச் சுருக்கிக்கொண்டேன், அவ்வளவுதான். சாலையின் வெள்ளைக் கோடு கடைசிவரை தெரிந்தது.

அண்ணன் கேட்டிலேயே நின்றிருந்தார். நான் இறங்கவில்லை.

"ஏறு பின்னாடி."

"நானா?"

"நீதான். அந்த ஆள் வர்றதுக்குள்ள ஒரு சுத்து. எனக்குக் கண்ணு தெரியலன்னா நீயே சாவிய எடுத்துக்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பெண்கள் ஓட்டும் வண்டியில் என் அண்ணன் ஏறியதே இல்லை. அண்ணி தன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அவர் தலையில் மாட்டிவிட்டார். "ஏறுங்க. ரொம்ப யோசிச்சா தலை வலிக்கும்" என்று முதுகில் ஒரு தள்ளு.

கோலா சிலாங்கூர் போகும் பாதையில், இறங்கும் சூரியனைப் பார்த்தே ஓட்டினேன். அண்ணனுக்கு என் தலைக்கும் கண்ணாடிக்கும் மேலாகச் சாலை முழுக்கத் தெரியும். நான் கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"வலது பக்கம் இளநிக் கடை. மூணு பேரு நிக்கிறாங்க. ஒருத்தன் பச்சைச் சட்டை."

அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"முன்னால பள்ளம், தண்ணி நிக்குது. தூரத்துல ஒரு சைக்கிள், பின்னால புல்லுக்கட்டு."

"எங்க சைக்கிள்?"

"அந்தா."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"கிட்ட வரட்டும், தெரியும்."

கொஞ்ச தூரம் போனதும் சைக்கிள் வந்தது. பின்னால் புல்லுக்கட்டு இருந்தது.

"கண் டாக்டர்கிட்ட உன்னையத்தான் கூட்டிட்டுப் போவணும் போல" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது.

"அம்மாவ கையப் புடிச்சு நடத்திட்டுப் போனவன் நான்தான் லெட்சு. நீ வெளியூர்ல இருந்த. உன்னையும் அப்படி நடத்த வேண்டி வந்துருமோன்னு பயந்துட்டேன்."

நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது மட்டும்தான் கொஞ்சம் மறைத்தது.

வீட்டு வாசலுக்கு நாங்கள் திரும்பியபோது அந்தப் பையன் வந்து காத்திருந்தான். மோட்டாரைச் சுற்றி வந்தான். கண்ணாடியைக் குனிந்து பார்த்தான்.

"கண்ணாடி புதுசா மாத்திட்டீங்களா அங்கிள்?"

"புதுசில்ல. தேய்ச்சது. என் தங்கச்சி தேய்ச்சது."

"சூப்பர்லா. நான் எடுத்துக்கிறேன் அங்கிள்."

"விக்கல."

பையன் திகைத்துப் போனான். "நீங்கதானே கூப்பிட்டீங்க? ஓட்டுறவங்களுக்குக் கண்ணு சரியில்லன்னு சொன்னீங்களே?"

அண்ணன் அண்ணியின் ஹெல்மெட்டைக் கழற்றி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"யாரு சொன்னா? நானே அவ பின்னால உக்காந்துதான் வர்றேன்!"